ஹோல்ஸ்பாக் தோழமைச் சங்கத்துக்கு ஒரு தலைவர்

ஹோல்ஸ்பாக்,
மார்ச் 13, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாரைக்கே,

போன கடிதத்தில் நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படித்துவிட்டு நீ ஏமாறக் கூடாது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அப்பாவின் வலது முழங்கால் மட்டும் படியேறும்போது முரண்டு பிடிக்கிறது, மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் வேலை செய்கிற வீடுகளில் ஏணி ஏறும்போது வலிக்கவில்லையே என்கிறார், ஏணிக்கும் படிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் ஏணிக்குச் சம்பளம் உண்டு என்கிறார். குளிர் இன்னும் முழுதாக விடவில்லை, ஆனாலும் காலையில் ஜன்னலைத் திறந்து வைக்க முடிகிறது. பூமியின் தென்பாதியில் இருக்கும் உன் ஊரில் இலையுதிர் காலம் தொடங்கியிருக்கும், இதை எழுதும்போதுகூட எனக்கு அது பொருந்தாமல்தான் இருக்கிறது. நீ நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பதினெட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தாய்க்கு நம்புவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

நீ மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த அன்று கொடுத்த படிவத்தில் ‘ஐரோப்பியர்’ என்று ஒரு கட்டம் இருந்ததையும், யோசிக்காமல் அதில் குறி போட்டுவிட்டதையும், பிறகு வீடு திரும்பும்போது நம் வீட்டில் யாரும் தங்களை அப்படிச் சொல்லிக் கேட்டதே இல்லையே என்று தோன்றியதையும் எழுதியிருந்தாய். நான் எப்போதாவது என்னை ஐரோப்பியப் பெண் என்று உணர்ந்திருக்கிறேனா, உணர்ந்தேன் என்றால் எப்போது, எங்கே என்று கேட்டிருந்தாய். எப்போது, எங்கே என்று சேர்த்துக் கேட்டதில் நீ என் மகள் என்பது தெரிந்தது. நான் இரண்டு வாரமாக யோசித்தேன். மார்புர்கில் ஐந்து வருடம் பிரெஞ்சும் வரலாறும் படித்தவள், இதைப் பற்றி முப்பது பக்கக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவள், ஆனால் அந்தக் கட்டுரையில் ‘நான்’ என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. எனக்குத் தெரியாததால் மற்றவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். அப்பா அடுப்படியில் நின்று யாருடைய வீட்டுக் கொதிகலனிலிருந்தோ கழற்றி வந்த ஒரு வால்வை என் தட்டுத் துடைக்கும் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “நான் ஹோல்ஸ்பாக்காரன். அதுலயும் கீழத்தெரு. மேலத்தெருக்காரங்களோடயே எனக்கு ஒத்துவராது, இதுல போர்ச்சுகல்காரனையெல்லாம் எங்க கொண்டுபோய்ச் சேத்துக்கிறது?” என்றார். பதினொரு வருடமாக நீங்கள் யாரோடு மீன் பிடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். அப்பா வால்வைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ழுவாக்கிமையா சொல்ற? அவன் போர்ச்சுகல்காரன் இல்ல. அவன் ழுவாக்கிம்.”

பக்கத்து வீட்டு ஹன்னலோர் அம்மாவிடம் வேலி ஓரமாக நின்று கேட்டேன். அவருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. “ஐரோப்பாவா? அவங்க சட்டம் போட்டு பாட்டிலோட ஒட்டவச்ச அந்த மூடியச் சொல்றியாம்மா? கழட்டவும் முடியல, குடிக்கறப்ப மூக்குல வந்து இடிக்குது. எவன் உக்காந்து யோசிச்சானோ அவன் மூக்கு தட்டையா இருக்கும்” என்றார். எங்கள் கட்டிட அனுமதி அலுவலகத்தில் மூன்று பேரிடம் கேட்டேன், இரண்டு பேர் விடுமுறைக்குப் போகும் இடத்தில் பணம் மாற்ற வேண்டியதில்லை என்றார்கள், ஒருவர் இதை எதற்காகக் கேட்கிறீர்கள், ஏதாவது புதுப் படிவம் வரப்போகிறதா என்று பயந்துவிட்டார். இவ்வளவுதான் என் ஆராய்ச்சி. இதில் எதை வைத்து அந்தக் கட்டத்தில் குறி போடுவது என்று எனக்கு விளங்கவில்லை.

இதை எல்லாம் சாதாரணமாக எழுதி முடித்திருப்பேன், ஆனால் நாளை சனிக்கிழமை மூன்று மணிக்குத் தீயணைப்புப் படைக் கூடத்தில் நம் தோழமைச் சங்கத்தின் பொதுக்குழு இருக்கிறது, என் மனம் இரண்டு நாளாக அங்கேதான் போய் நிற்கிறது. தலைவர் வைகாண்ட் ஐயா இந்த முறை உண்மையாகவே விலகுகிறார், எண்பத்தொரு வயது, கண் பார்வையும் குறைந்துவிட்டது. ஆறாவது அலுவல் புதுத் தலைவர் தேர்தல், ஏழாவது அலுவல், யாரும் நிற்காவிட்டால் சங்கத்தைக் கலைக்கும் தீர்மானம். கலைத்துவிட்டால் மே பதினான்காம் தேதி பிரான்சிலிருந்து சேன்-ஒப்ரென் ஊர்க்காரர்கள் நாற்பத்தொரு பேர் வந்து இறங்க முடியாது, இரண்டு ஊரும் தோழமை ஊர்களாகி நாற்பது வருடம் முடிகிற வருடத்தில் அது நின்றுபோகும். தேர்தல் என்றால் நம் ஊரில் எப்படி நடக்கும் என்பது உனக்குத் தெரியும். தலைவர் யார் நிற்கிறீர்கள் என்று கேட்பார், முப்பது பேரும் மேசை விரிப்பின் பூ வேலையைப் பார்ப்பார்கள், சிலர் குனிந்து காலணி நாடாவைச் சரிசெய்வார்கள், இருமல் வந்தால்கூடக் கையை உயர்த்தாமல் தோளில் இருமிக்கொள்வார்கள், யாருடைய கண்ணாவது தலைவர் கண்ணோடு மோதினால் அவர் அகப்பட்டார். இப்படி அகப்பட்டு இருபத்திரண்டு வருடம் இருந்தவர்தான் வைகாண்ட் ஐயா.

புதன்கிழமை மாலை அவர் சங்கத்துக் கோப்பு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார், பிறகு இரண்டு கோப்பை குடித்தார். “ஏம்மா சில்கே, என் இடுப்பெலும்ப மாத்திட்டாங்க, பல்ல மாத்திட்டாங்க, கண்ணாடிய மூணு தடவ மாத்திட்டாங்க. என்னை மாத்தறதுக்கு மட்டும் இந்த ஊர்ல ஒரு ஆள் இல்லியா?” என்று ஆரம்பித்தார். எட்டுப் பேரிடம் கேட்டுவிட்டாராம். நேரம் இருப்பவர்களுக்குப் பிரெஞ்சு தெரியவில்லையாம், பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் நான்தானாம், பதினேழு வருடமாகச் செயலாளராக எல்லாக் கடிதத்தையும் நான்தானே எழுதுகிறேன். எனக்கு நேரம் இல்லை என்றேன். “பொய்” என்றார். ஆமாம், பொய்தான் என்று ஒத்துக்கொண்டு, எனக்கு இதில் நம்பிக்கை இல்லை என்றேன். அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன், கையை உதறிவிட்டார். “நம்பிக்கையா? எனக்கு இருந்துச்சுன்னு உனக்கு யார் சொன்னா? என் பொண்டாட்டி என்னைக் கேக்காம பேரக் குடுத்துட்டா, வந்துட்டேன்.” மூன்று முறை கேட்டார், நான் மூன்று முறையும் முடியாது என்றேன். கடைசியில் எழுந்து, அப்படியானால் சேன்-ஒப்ரெனுக்கு ஒரு கடிதம் தயாராக எழுதி வை, சங்கம் கலைந்துவிட்டது என்று, சனிக்கிழமை கூட்டம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன் என்றார். வாசலில் ஓவர்கோட்டுப் பொத்தானைத் தவறான துளையில் மாட்டிக்கொண்டு நின்றார், நான் சரிசெய்து அனுப்பினேன்.

எனக்கு ஏன் நம்பிக்கை இல்லை என்று உனக்குச் சொல்ல வேண்டும். இந்தச் சங்கத்தின் மேடைப் பேச்சுகளை நான் உள்ளிருந்து பார்த்தவள். ஒவ்வொரு வருடமும் விருந்துக்கு முன் நம் நகரத் தலைவர் பேசுவார், நான் அதைப் பிரெஞ்சில் சொல்வேன், அவர்கள் நகரத் தலைவர் பேசுவார், செவ்ரீன் அதை ஜெர்மனில் சொல்வாள். செவ்ரீனை உனக்குத் தெரியும், எனக்குப் பதினான்கு வயதில் முதன்முதலாகத் தங்க இடம் கொடுத்த வீட்டுப் பெண், இப்போது அந்த ஊரில் கால்நடை மருத்துவர். ஒரு வருடம் நம்மவர் பேச்சின் நடுவில், ஐரோப்பாவுக்கு ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டார், நகைச்சுவை என்று நினைத்துத்தான். நான் அந்த வரியை விட்டுவிட்டு, உங்கள் தோட்டங்கள் எங்களுக்கு மிகவும் பிடிக்கும் என்று சொன்னேன், கைதட்டினார்கள். அதற்குப் பிறகு எனக்குக் கை பழகிவிட்டது. பதினொரு முறை ‘ஐரோப்பா’ வந்தால் இரண்டை வைத்துக்கொண்டு ஒன்பதை வெட்டிவிடுவேன். பிறகு 2014-இல் இங்கே நடந்த விருந்தில் அவர்கள் நகரத் தலைவர் எழுந்து, நேற்று இரவு தமக்குக் கிடைத்த சாப்பாட்டைப் பற்றி, அதாவது நம் ஊர் வழக்கப்படி ஆறு மணிக்கு வைத்த ரொட்டி, ஹாம், ஊறுகாய் வெள்ளரி பற்றி, சிறைச்சாலையில்கூட இரவில் சூடாக எதையாவது கொடுப்பார்கள் என்றார். பாவம், அவர் அது ஏதோ முன்பசிக்கு வைத்தது என்று நினைத்து இரண்டு துண்டு மட்டும் எடுத்துக்கொண்டு எட்டரை மணிவரை சாப்பாட்டுக்காகக் காத்திருந்திருக்கிறார். வீட்டுக்காரர்களோ விருந்தாளி அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இன்னும் இன்னும் ரொட்டி அறுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். செவ்ரீன் ஒரு நொடி கூட நிற்காமல், நேற்று மாலை இந்த ஊரின் அமைதி எங்களை நெகிழ வைத்தது என்று ஜெர்மனில் சொன்னாள். அந்தக் கூடத்தில் இரண்டும் புரிந்தவள் நான் ஒருத்தி. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், பிறகு தட்டுக் கழுவும் இடத்தில், “எவ்வளவு வருஷமாடி இப்படி?” என்று கேட்டேன். “ஆரம்பத்துலேர்ந்தே. நீ?” என்றாள். இரண்டு பேரும் ஈரக் கையோடு நின்று சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தத் தோழமை நாங்கள் இருவரும் வெட்டித் தைத்த துணி என்று தெரிந்துகொண்டு நான் எப்படி அதற்குத் தலைவராக மேடை ஏறிப் பேசுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், போன வருடம் நடந்தது, உனக்கு அப்போது எழுதவில்லை. மே மாதக் கடைசியில் சேன்-ஒப்ரெனிலிருந்து திரும்பி வரும்போது எல்லையில் நம் பேருந்தை ஓரம் கட்டினார்கள். நாற்பத்து நான்கு பேரில் பத்தொன்பது பேரிடம் அடையாள அட்டை இல்லை, அத்தனை வருடம் யாரும் கேட்காததால் வீட்டு மேசை இழுப்பறையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்கள், அதில் சங்கத் தலைவரும் ஒருவர். இரண்டு மணி நேரம் நின்றோம். இளம் போலீஸ்காரர், மரியாதையாகத்தான் பேசினார். ஹன்னலோர் அம்மா அவரிடம், “தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இங்கிருந்த தடுப்புக் கம்பத்தக் கழட்டிட்டாங்களே, உன்கிட்ட யாரும் சொல்லலியா?” என்றார். “சொன்னாங்கம்மா, மறுபடியும் நிக்கச் சொல்லிட்டாங்க” என்றார் அவர். நம் ஆட்கள் பயப்படவில்லை, மாரைக்கே, மனம் புண்பட்டுப்போனார்கள், ஏதோ தங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போகும்போது யாரோ குறுக்கே நின்று பெயர் கேட்டதைப் போல. எல்லாரையும்விட அதிகமாகக் குதித்தவர் தச்சர் எவால்ட். எல்லையில் சோதனை வேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர் நீங்கள்தானே என்று கேட்டேன். “ஆமா, சொன்னேன். அது அவங்களுக்கு. நமக்குன்னு எப்ப சொன்னேன்?” என்றார். கேட்பதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டிய ஒரே ஆள் ழுவாக்கிம்தான், அவனுக்கு மட்டும் எதுவும் வியப்பாக இல்லை. இது உன் கேள்விக்குப் பதிலா என்று எனக்குத் தெரியாது. அன்று பேருந்தில் ஏதோ ஒன்றை இழந்தது போல எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், இழந்தோம் என்றால் அது இருந்தது என்றுதானே அர்த்தம் என்று ஒரு கணம் நினைத்தேன், அடுத்த கணம் எவால்ட் சொன்னது நினைவுக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் கோபம் வந்தது, என் அட்டை கையில் இருந்தும்.

சேன்-ஒப்ரெனுக்கான கடிதத்தை நேற்றே எழுதிவிட்டேன், இதோ என் முழங்கையருகே இருக்கிறது. பதினொரு வரி, பிழை ஒன்றும் இல்லை, வருத்தம் தேவையான இடத்தில் தேவையான அளவு இருக்கிறது, இதுவரை நான் எழுதியதிலேயே நல்ல பிரெஞ்சு இதுவாகத்தான் இருக்கும். செவ்ரீனுக்குத் தனியாக ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன், ‘அன்புள்ள செவ்ரீன்’ என்பதற்கு மேல் போகவில்லை. நாளை நான் கையைத் தூக்கப் போவதில்லை. அப்பாவிடமும் அதைச் சொல்லிவிட்டேன், “எனக்கென்ன, நீ தூக்கினாலும் சரி, தூக்காட்டாலும் சரி, கேக் மட்டும் ரெண்டு துண்டு எனக்கு எடுத்து வை” என்றார். அவருக்குக் கவலை இருந்தால்தான் இப்படிப் பேசுவார்.

உனக்குச் சில விஷயங்கள். அந்த ஊர் வெயில் இங்குள்ளதைப் போல இல்லை என்று படித்தேன், மேகமாக இருக்கிறதே என்று தொப்பி இல்லாமல் போகாதே. இரவுப் பணி தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் கொடுத்தால் வாயைத் திறந்து கேள், நம் வீட்டுப் பெண்கள் கேட்காமல் இருந்துவிட்டுப் பிறகு கசந்துகொள்ளும் சுபாவம் உள்ளவர்கள், அது என்னோடு போகட்டும். உன்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் சமோவா பெண் ஞாயிற்றுக்கிழமை தன் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டதாக எழுதினாய், போய் வா, வெறுங்கையோடு போகாதே, ஆறு மணிக்கே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் போகாதே. அந்தக் கட்டத்தில் போட்ட குறியை நினைத்துக் கவலைப்படாதே, படிவத்துக்கு ஒரு பதில் வேண்டும், கொடுத்தாய், அவ்வளவுதான். பாஸ்போர்ட் நவம்பரில் முடிகிறது, ஆகஸ்டுக்குள் விண்ணப்பித்துவிடு, இதை நான் மறுபடி மறுபடி எழுதுவேன், சலித்துக்கொள்ளாதே.

எங்கிருந்தாலும் உடம்பும் மனமும் தெளிவாக, நல்ல மனிதர்கள் சூழ நீ இருக்க வேண்டும், எனக்கும் அப்பாவுக்கும் வேறு வேண்டுதல் இல்லை. உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறேன்.

உன் அம்மா,
சில்கே

சனிக்கிழமை மாலை, ஏழு மணி. உறையை ஒட்டாமல் வைத்திருந்தேன், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். முப்பத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். ஆறாவது அலுவலில் வைகாண்ட் ஐயா மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் காபிக் கெட்டில் கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. நானும் மேசை விரிப்பைத்தான் பார்த்தேன். ஏழாவது அலுவலுக்குப் போனார், கலைப்பதற்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். கலைக்கலாம் என்று கை தூக்கியவர்கள் மூன்று பேர், எதற்கும் தூக்காதவர்கள் மூன்று பேர். வேண்டாம் என்று தூக்கியவர்கள் இருபத்தேழு பேர், எவால்ட் இரண்டு கையையும் தூக்கினார், ஒன்றைத்தான் எண்ணினார்கள். அந்த இருபத்தேழில் ஒன்று என்னுடையது, அது மேலே இருப்பதை நான் எண்ணும்போதுதான் கவனித்தேன். வைகாண்ட் ஐயா தாளைக் கீழே போட்டுவிட்டார். “நடத்தவும் மாட்டீங்க, மூடவும் விடமாட்டீங்க! நான் என்ன செய்யணும், இந்த நாற்காலியிலேயே செத்துப் போகணுமா?” என்றார். “கேக்க வெட்டிட்டு அப்புறம் சாவுங்க” என்றார் ஹன்னலோர் அம்மா. சிரிப்பு அடங்கியதும் பொருளாளர் உட்டே, அவள் நோட்டரி அலுவலகத்தில் வேலை செய்கிறவள், தலைவர் இல்லாத சங்கத்துக்கு நீதிமன்றமே யாரையாவது நியமிக்கலாம், அநேகமாகக் காசெல் நகரத்திலிருந்து ஒரு வக்கீல் வருவார் என்று விளக்கினாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு வக்கீல் மேசையில் உட்கார்ந்து செவ்ரீனுக்குக் கடிதம் எழுதுவதை நினைத்துப் பார்த்தேன், எழுந்து நின்றுவிட்டேன். ஏன் என்று கேட்காதே, இப்படிப்பட்டவற்றுக்குப் பிறகு சொல்லும் காரணங்கள் எல்லாம் பிறகு செய்தவை. தலைவராக ஒரு வருடம் மட்டும் இருக்கிறேன் என்றேன், சீட்டு எழுதிப் போட வேண்டும் என்றேன், யாரும் யாருக்காகவும் வெட்கப்பட்டு ஓட்டுப் போடக் கூடாது. முப்பத்து மூன்று சீட்டு. சரி என்று முப்பத்தொன்று. வெற்றுச் சீட்டு ஒன்று, அது என்னுடையது. வேண்டாம் என்று ஒன்று.

வீட்டுக்கு நானும் அப்பாவும் நடந்து வந்தோம். பாலத்தருகே வந்ததும், வேண்டாம் என்ற அந்த ஒரு சீட்டு தன்னுடையது என்றார் அப்பா. நான் நின்றுவிட்டேன். “எல்லாரும் சேந்து உன்னைத் தள்ளி விடறப்போ, பிடிச்சுக்க அந்தப் பக்கம் ஒரு ஆளாவது இருக்கணுமில்ல” என்றார், முழங்காலைத் தடவிக்கொண்டு முன்னால் நடந்தார்.